சொல்லில் நின்ற கதையும் கல்லில் நின்ற கதையும்

ஆண்டுதோறும் மே மாதத்தில் ஏற்காட்டு மலையின் உச்சியில் சேர்வராயன் சந்நிதியை நாடி மலைவாழ் மக்கள் பல திசைகளிலிருந்தும் வந்து கூடுகின்றனர். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 5,300 அடி உயரத்தில், குனிந்து புக வேண்டியதொரு குகையே அங்குக் கருவறையாக அமைந்துள்ளது. சேர்வராயனும் காவேரியம்மனும் அருகருகே எழுந்தருளியிருக்கின்றனர். சேர்வராயனைப் பெருமாளின் வடிவமாகவே கொண்டு சேவிப்போர் பலர். அங்குச் செல்லும் அன்பரைக் கவர்வது கோபுரச் சுதையோ மண்டபச் சிற்பமோ அன்று. குகையின் குளிரும் இருளுமே. ஆனால், அந்தச் சந்நிதிக்கு வரும் மக்களிடம் ஒரு கதை உண்டு. கல்லில் எழுதாமல், சீலையில் தீட்டாமல், தலைமுறை தலைமுறையாக வாயால் மட்டுமே வழங்கி வந்த கதை அது.

சேர்வராயன் மலையின் தொல்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டாரைக் குறிக்கும் பெயர் இதுவென்று மயங்குதல் கூடாது. மலையை ஆள்பவர் என்பதே பொருள், பேசுவதும் தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. எட்கார் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் இக்கதையின் இரு வடிவங்கள் பதிவாகியுள்ளன. ஒன்றன்படி, பத்துத் தலைமுறைகளுக்கு முன்னர், தென்னாட்டில் முகம்மதியர் ஆட்சி ஓங்கியிருந்த காலத்தில், காஞ்சியை விட்டுப் புறப்பட்டோருள் மூன்று சகோதரர் இருந்தனர். மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், நடுவர் கொல்லி மலைக்கும், இளையவர் பச்சை மலைக்கும் சென்றனர். மற்றொரு வடிவத்தில் முதலில் புறப்பட்டவர் மனிதர் அல்லர், கடவுள். காஞ்சியில் இருப்புக்கொள்ளாத கரியராமன் வேறிடம் நாடிப் புறப்பட்டார்; பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் அடியவர் மூவர் தத்தம் குடும்பத்தோடு அவரைப் பின்தொடர்ந்தனர். சேலம் நாட்டை அடைந்ததும் வழிகள் பிரிந்தன. பெரியண்ணன் சேர்வராயன் மலை ஏறினார். நடுவண்ணன் பச்சை மலைக்கும் அஞ்சூர் மலைக்கும் சென்றார். சின்னண்ணன் மஞ்சவாடிக்குச் சென்றார். கல்வராயன் மலையில் இன்றும் கரியராமனுக்குக் கோயில் உண்டு.

காஞ்சியை விட்டுக் கடவுள் புறப்பட்ட கதை வைணவ அன்பர்களுக்குப் புதிதன்று. திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனை மன்னன் நாடு கடத்த, ஆழ்வாரும் உடன் புறப்பட, திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னே நடந்தார் என்று குருபரம்பரை கூறும். மன்னன் பிழையுணர்ந்து வேண்ட, மூவரும் திரும்பினர். அவர்கள் ஓரிரவு தங்கிய இடமே ஓரிக்கை. அங்கே அடியவர் பின்னே ஆண்டவன் சென்றான். மலைமக்கள் கதையிலோ ஆண்டவன் பின்னே அடியவர் சென்றனர், திரும்பவில்லை. இரண்டும் ஒரே ஊரில் தொடங்கும் கதைகள். ஆயினும் திருவெஃகாக் கதைக்கு ஒரு சாட்சி உண்டு. சொன்னவண்ணம் செய்த பெருமாள் மற்றத் தலங்களிற் காண்பதற்கு மாறாகத் திசை மாறிச் சயனித்திருக்கிறார். போய்த் திரும்பியதன் அடையாளம் அது என்பர் பெரியோர். கதை முழுவதையும் வரையவில்லை, ஆழ்வாரைக் காட்டவில்லை, மன்னனைக் காட்டவில்லை. திருமேனியின் கிடக்கையில் ஒரே ஒரு மாற்றம். அதைக் கண்டவர் ஏன் என்று வினவுவர், வினவியவருக்குக் கதை சொல்லப்படும். கதையை உருவாக்கிக் காட்டும் கலையில் இதனினும் சிக்கனமான வழி அரிது.

அதே காஞ்சியில் இதற்கு நேர்மாறான வழியையும் காணலாம். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த பரமேச்சுர விண்ணகரம், இன்று வைகுந்தப் பெருமாள் கோயில் என வழங்குவது, எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் எடுப்பித்தது. அதன் திருச்சுற்று மண்டபச் சுவர்களில் பல்லவர் குலவரலாறு வரிசை வரிசையாகச் சிற்பங்களில் செதுக்கப்பட்டுள்ளது. அரியணைக்கு வாரிசு இல்லாமற்போக, காஞ்சிப் பெரியோர் தொலைவிலிருந்த கிளைக்குடியினனாகிய இரணியவர்மனை நாடிச் சென்றனர். அவன் தன் மக்கள் நால்வரையும் அழைத்து, யார் செல்வீர் என்று கேட்டான். சீமல்லன், இரணமல்லன், சங்கிராமமல்லன் ஆகிய மூத்தோர் மூவரும் மறுத்தனர். பன்னிரண்டு வயதே நிரம்பிய இளையவன் பல்லவமல்லன், நான் செல்வேன் என்றான். மலையும் ஆறும் காடும் கடந்து அவன் காஞ்சிக்கு வந்து முடிசூடிய செய்தி சிற்பத்திலும் உண்டு, சிற்பத்தோடு பொறித்த கல்வெட்டு வாசகத்திலும் உண்டு. இச்சிற்பங்களை ஆராய்ந்த சி. மீனாட்சி அம்மையாரின் நூல் அவர் மறைவுக்குப் பின் 1941இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. இச்சுவர்களின் முன் நிற்பவர்க்கு இன்றளவும் நல்ல துணை அதுவே.

காஞ்சிக்கு வந்த இளவரசனின் கதை கல்லில் நின்றது. காஞ்சியை விட்டுப் போன சகோதரரின் கதை சொல்லிலேயே நின்றது. ஒன்றை எடுப்பித்தவன் அரசன். அவனிடம் தச்சரும் பொன்னும் இருந்தன. மற்றதைச் சுமந்தவர் வழிநடைக்காரர். இவ்வேறுபாடு வெளிப்படை. ஆனால் இதனினும் ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. கல்லில் ஏறிய கதைக்கு ஒரே வடிவந்தான். மூத்தோர் மூவரும் மறுத்தனரா, அன்றி அவர்களுக்கு வேறு காரணம் இருந்ததா என்று அச்சுவரிடம் கேட்க இயலாது. வென்றவன் சொன்னதே அங்கு வரலாறு. வாய்மொழிக் கதையோ நடுவண்ணனை ஒருமுறை கொல்லி மலைக்கு அனுப்பும், மறுமுறை பச்சை மலைக்கு அனுப்பும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டாலும் ஒருவரும் சினங்கொள்வதில்லை. ஓவியனுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவன் கோலெடுத்து நடுவண்ணனின் முகத்தை எந்த மலையை நோக்கித் திருப்புகிறானோ, அந்த மலைக்கே அவன் சென்றவனாவான்.

நாட்டுப்புறக் கதைகளுக்கும் புராணங்களுக்கும் சித்திரம் வரையும் கலைஞர் உலகெங்கும் எதிர்கொண்ட சிக்கல் இதுவே: எந்த வடிவத்தை எடுப்பது, அதில் எந்தக் கணத்தை எடுப்பது, எதை விடுவது?

கணத்தைத் தேர்வதற்குத் திருவிக்கிரமன் கதையே போதிய எடுத்துக்காட்டு. பாதாமிக் குடைவரைச் சிற்பி குடையேந்திய வாமனனையும், தானம் தரும் மாவலியையும், வானளாவத் தூக்கிய திருவடியையும் ஒரே காட்சியில் அடக்கினான். முன்னும் பின்னுமாய் நிகழ்ந்தவை ஒன்றாய் நிற்கின்றன; கதை அறியாதவனும் ஒருவாறு தொடரலாம். மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி வேறு துணிவு கொண்டான். குறளுரு அங்கில்லை. எட்டுக் கரங்களோடு ஓங்கிய பெருமானும், மேலே நீண்ட திருவடியும், அதனை வழிபடும் நான்முகனும், ஞாயிறும் திங்களும், கீழே அமர்ந்த அசுரருமே உளர். வாமனனை விட்டதனால் குறைந்தது என்ன? கீழே அமர்ந்திருப்போர் சற்று முன்புவரை ஒரு சிறு பிள்ளையையே கண்டுகொண்டிருந்தனர் என்பதைப் பார்ப்பவன் தானே நினைவிற் கொண்டுவர வேண்டும். நினைவு வந்த அளவில் உடல் சிலிர்க்கும். கதையை அறிந்த கூட்டத்துக்காகச் செதுக்கப்பட்டது மல்லைச் சிற்பம். கதை கேட்டிராத கூட்டம் வந்தால் அது ஓங்கிய காலோடு நிற்கும் ஓர் உருவம் மட்டுமே. ஆதலின், விட்டுவிடும் துணிவு ஓவியனுக்கு மட்டும் உரியதன்று. பக்கத்திலிருந்து சொல்வோர் உள்ளவரைதான் அத்துணிவு செல்லும்.

அச்சுக்கலை வந்தபின் இச்சிக்கல் புதிய உருவம் கொண்டது. செருமனி நாட்டில் கிரிம் சகோதரர் 1812இல் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டபோது அந்நூலில் படமில்லை. 1823இல் இலண்டனில் ஜார்ஜ் குரூக்சாங்க் என்பாரின் சித்திரங்களோடு வெளிவந்த ஆங்கிலப் பதிப்பு நல்ல வரவேற்புப் பெற்றது. அதனைக் கண்ட சகோதரர், 1825இல் தம் தொகுப்பின் சிறிய பதிப்பைத் தம் இளவல் இலுத்விக் எமில் வரைந்த ஏழு படங்களோடு வெளியிட்டனர். சொல்லாய் இருந்த கதை சிறுவர் கைக்குப் படத்தோடு போய்ச் சேர்ந்தது.

ருஷ்ய நாட்டு இவான் பிலிபின் வேறொரு பாடம் தருகிறார். அரண்மனை உடைகளையும் கற்பனைக் காடுகளையும் வைத்தே கதைப்படம் வரையலாம் என்றிருந்த காலத்தில், அவர் 1902 முதல் 1904 வரை வடமாநிலங்களுக்குச் சென்று மரவீடுகளையும், பழைய உடைகளையும், தையல் வேலைப்பாடுகளையும் கண்டு குறித்துக்கொண்டார். கோழிக்கால்மேல் நிற்கும் சூனியக்கிழவியின் குடில் உலகில் எங்குமில்லை. ஆனால் அதன் மரச்சுவரும் கூரையும் உழவர் வீட்டினவாகவே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சோவியத்துச் சிறுவர் நூல்கள் மலிவு விலையில் தமிழில் வந்த காலத்தில் வளர்ந்தோர்க்கு இந்த நேர்மை பழக்கமானதே.

நம் நாட்டில் அச்சுப்படம் செய்த பெரும்பணி யாவரும் அறிந்ததே. இரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகமும், பின்னர்க் கோவில்பட்டியிலிருந்து வரைந்த கொண்டையராஜுவும் (1898–1976) அவர்தம் மாணாக்கரும், தெய்வத் திருமுகங்களை ஏழை வீட்டுச் சுவருக்கும் கொண்டுவந்தனர். கோயிலுக்கு வர இயலாத கிழவிக்கும் நாள்காட்டியில் தரிசனம் கிடைத்தது. இது சிறிய தொண்டன்று. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு முகம் கொண்டிருந்த தெய்வங்கள் மக்கள் மனத்தில் ஒரே சாயலை அடைந்தன. நாள்காட்டிப் படத்தையே கண்டு பழகியவர் மூலவரைச் சேவிக்கும்போது, படத்தில் உள்ளதுபோல் இல்லையே என்று சொல்லக் கேட்பதுண்டு!

படம் ஒன்றாயிருந்தும் கதையைச் சிறைப்படுத்தாத வழி உண்டா? தமிழகத்திலேயே அதற்கு விடை உண்டு. 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கப்பட்ட அம்புலிமாமா இதழில் 1952இல் சேர்ந்தவர், கொங்கு நாட்டுக் காரத்தொழுவில் பிறந்த கே. சி. சிவசங்கரன் (1924–2020). சங்கர் என்னும் பெயரால் வரைந்த இவர் தீட்டிய ஒரு சித்திரத்தைக் காணாமல் வளர்ந்த தமிழ்ப்பிள்ளைகள் அக்காலத்திற் சிலரே. இரவு, சுடுகாடு, ஒரு கையில் உருவிய வாளும் தோளில் பிணமுமாக நடக்கும் விக்கிரமாதித்தன். பிணத்தினுள் வேதாளம். பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்திலும் இடம்பெற்ற பழங்கதை இது. மன்னன் வாய் திறந்தால் வேதாளம் மரத்திற்குத் திரும்பும். மீண்டும் அவன் சென்று சுமப்பான். மீண்டும் அது ஒரு கதை சொல்லும். இங்கே சங்கரின் சித்திரம் சொல்லப்படும் கதைக்குரிய படமன்று. கதை சொல்லப்படும் நிலைக்குரிய படம். படம் ஒன்று, கதை மாதந்தோறும் வேறு. கேட்டுக்கொண்டே நடப்பவனைப் படம் நிலைநிறுத்தியது. வேதாளம் சொல்லும் கதையோ புதிது புதிதாக வந்துகொண்டிருந்தது. முடிவை வரைந்திருந்தால் அந்த மாதத்தோடு அப்படம் தீர்ந்திருக்கும். தொடர்ந்து நடக்கும் நடையை வரைந்தமையால் தலைமுறைகளைக் கடந்தது.

மற்றொரு விடை மத்தியப் பிரதேசத்து மலைக்குடிகளிடமிருந்து வந்தது. கோண்டு மக்களின் குலக்கதைகளை இசைக்கருவி மீட்டிப் பாடிய பர்தான் பாணர் குடியில் பிறந்தவர் ஜன்கர் சிங் ஷியாம் (1962–2001). பாடன்கர் என்னும் அவரது ஊரில், 1980களின் தொடக்கத்தில், போபால் நகரத்துப் பாரத் பவன் கலைக்கூடத்தார் அவர் சுவரில் வரைந்தவற்றைக் கண்டு தாளும் வண்ணமும் தந்தனர். பாட்டில் இருந்த தெய்வங்கள் புள்ளியும் கோடுமாக இறங்கி வந்தன. அவ்வழியில் வந்த ஓவியர் மூவரின் மரச்சித்திரங்களைச் சென்னைத் தாரா புக்ஸ் நிறுவனம் 2006இல் கையால் செய்த கருந்தாளில் அச்சிட்டு நூலாக்கியது. 2008இல் இத்தாலி நாட்டுப் பொலோனியாவில் அது பரிசு பெற்றது. இங்கே குறிக்கத்தக்கது பரிசன்று. கதையை உடையவரே கோலையும் பிடித்தனர் என்பதே. நீலகிரியில் ஆலு குறும்பரும் மரப்பிசினும் இலைச்சாறும் கொண்டு தம் வாழ்வையும் வழிபாட்டையும் தாமே வரைகின்றனர்.

இவற்றையெல்லாம் கண்டபின் சேர்வராயன் மலைக்குத் திரும்பினால், மூன்று சகோதரர் கதைக்குச் சித்திரம் வேண்டுமா என்னும் வினா எழும். கதை சொல்லும் பாட்டியும் கேட்கும் பேரனும் ஒரே அடுப்பருகே இருந்தவரை வேண்டியதில்லை. இன்று மலைப்பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர், வேலைக்காகச் சமவெளிக்கு இறங்குகின்றனர். அவர்கள் புத்தகத்தில் காண்பது பனிநாட்டு இளவரசியையும் பாரசீகத்துப் பறக்கும் கம்பளத்தையும். படம் பெற்ற கதைகளுக்கிடையே படமற்ற கதை மங்கிப்போகும் இடர் உண்டு. ஆகவே வேண்டும் என்றே கொள்ளலாம். ஆனால் எதை வரைவது?

முதலில் உடை. காஞ்சியில் புறப்படும்போது அவர்கள் சமவெளி உழவர். மலையில் நிலைத்தபின் தலைப்பாகையும் கம்பளியும் தரித்துச் சாமையும் கேழ்வரகும் விதைத்த மலைக்குடியினர். தர்ஸ்டன் காலத்து வருணனையில் காணும் கம்பளியைக் காஞ்சித் தெருவிலேயே போர்த்திவிடுவது பிழை. மலையேறி வாழ்ந்து முடித்தபின்னும் பட்டணத்து வேட்டியோடு காட்டுவது அதனினும் பெரிய பிழை. மலை அவர்களை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதாகும். நாடக மேடை அரசர்போல் கிரீடமும் மார்பணியும் பூட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டா.

அடுத்துக் கரியராமன். அவர் எவ்வுருவில் முன்னே சென்றார் என்று பதிவான வடிவம் கூறவில்லை. வில்லேந்திய கோதண்டராமனாக வரைந்தால் நாள்காட்டி வென்றுவிடும். திருவெஃகாச் சிற்பியின் சிக்கனம் இங்கே வழிகாட்டும்: முன்னே செல்பவரைக் காட்டாமல், பின்தொடர்வோரின் கண்கள் எல்லாம் ஒரே திசையை நோக்கியிருப்பதைக் காட்டலாம்.

கணமோ கதையிலேயே இருக்கிறது. இரு வடிவங்களும் மலைகளின் பெயரில் மாறுபடுகின்றன. வந்த காரணத்தில் மாறுபடுகின்றன. மூவர் ஒன்றாய் வந்து, பின் பிரிந்தனர் என்பதில் மட்டும் மாறுபாடில்லை. சேலத்துச் சமவெளியில் நின்று பார்ப்பவர்க்கு மலைகள் சுவர்போல் எழுகின்றன. சேலத்திலிருந்து அரூர் செல்லும் வழியில் மஞ்சவாடிக் கணவாய் திறக்கிறது. அத்தகைய அடிவாரம் ஒன்றில் மூன்று குடும்பங்கள், தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக, முதுகு காட்டிப் பிரியத் தொடங்கும் நொடி. மூத்தவர் ஏறும் மலையை ஐயமின்றி வரையலாம். அது சேர்வராயன் மலை, இரு வடிவங்களும் அதற்கு ஒப்புகின்றன. நடுவருக்கும் இளையவருக்கும் எதிரே உள்ள மலைகளைப் பனிமூட்டத்தில் விட்டுவிடலாம். ஏற்காட்டில் பனிமூட்டம் வரைவதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அப்படம் மே மாதக் கூட்டத்தில் கொல்லி மலையிலிருந்து வந்த ஒரு முதியவர் கைக்குச் சேருமானால், அவர் அந்தப் பனிமேல் விரல் வைத்து, இங்கே தெரிவது எங்கள் மலை என்பார். பச்சை மலையிலிருந்து வந்தவர் இல்லை என்பார். பக்கத்தில் இருக்கும் பிள்ளை இருவரையும் கேட்டுக்கொண்டிருக்கும்.